பச்சையாக உண்ணும் காய் கனிகளை நறுக்குதல்



கறிக்கு நறுக்குவதும் பச்சடிக்கு நறுக்குவதும் ஒன்றென நம்மிற் பலர் எண்ணுகின்றனர். கறியில் நாம் விட்ட பிழையைப் பெரும்பாலும் நெருப்புத் திருத்திவிடும். வல்லாரைச் சம்பலுக்கும் வெள்ளரிப் பச்சடிக்கும் பழச் சலாதுக்கும் அந்த உதவி இல்லை. இலையில் ஒட்டிய புழுமுட்டையும் காயில் தங்கிய மருந்தும் அப்படியே குழந்தையின் வாய்க்குச் செல்லும். எனவே இவ்வேலை சமையலறையில் அன்று, தோட்டத்திலேயே தொடங்குகின்றது.

பூச்சிமருந்து தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது போத்தலின் சுட்டுத்துண்டில் எழுதப்பட்டிருக்கும். அந்நாள் வருமுன் சந்தைக்கெனப் பறித்து, வீட்டுக்கு மட்டும் மருந்தடியாத பாத்தி வைப்போர் உண்டு. கல்முனைச் சந்தையில் அக்காயை வாங்குபவரும் பிள்ளை வளர்ப்பவரே. உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் ஊறவைத்தால் மருந்து நீங்கிவிடும் என்று நம்புதலும் தவறு. உப்புநீரில் சிறு புழுக்களும் பூச்சிகளும் கழன்று வரும். மேலே படிந்த மருந்திற் சிறிது கழுவுதலாற் போகும். காயினுள் ஊறிய மருந்து எந்நீரிலும் போகாது.

காரைதீவிற் கடற்கரைப் பக்கம் மணல், மேற்கே வயல். 1949 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால் நீர் நெல்லுக்கு நன்று. எருமை படுத்தெழும்பி, மேல்வயல் மருந்தும் வடிந்துவரும் அந்நீரிற் கீரையை அலசுதல் கூடாது. கிணற்று நீரையும் ஆராயாமல் நம்பற்க. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதிக் கடற்கோளின்போது கரையோரக் கிணறுகள் உவர்ப்பானதை யாவரும் அறிவீர்கள். மணல் எதனையும் இலகுவிற் கசியவிடும். மலகூடக் குழிக்கு அண்மையிலுள்ள கிணறாயின், கடைசி அலசலுக்குக் கொதித்தாறிய நீரையே கொள்ளுதல் வேண்டும்.

வல்லாரை ஈரநிலத்திற் படர்வதால் மண் மிகுதியாக ஒட்டும். இலையைக் கிள்ளியெடுத்து அகன்ற பாத்திரத்து நீரில் அமிழ்த்தி அளைந்து, இலையை மேலே தூக்கியெடுங்கள். நீரை இலையோடு சேர்த்துச் சரித்தால், அடியில் இறங்கிய மண் மீண்டும் இலையிற் படியும். பாத்திரத்தின் அடியில் மண் தென்படாத வரை நீரை மாற்றுங்கள். பின் நீரை நன்கு உதறி, இலைகளை ஒருசேரச் சுருட்டிக் கூரிய கத்தியால் நூல் போல அரிக. மொட்டைக் கத்தி இலையை நசுக்கும். நசுங்கிய இலை கறுத்துச் சாறும் விடும். அரிந்தபின் மீண்டும் கழுவுவோர், நீரிற் கரையும் உயிர்ச்சத்துக்களைக் கழுநீரோடு கொட்டிவிடுகின்றனர். தேங்காய்ப்பூ, சின்னவெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துப் பிசைந்து, பரிமாறும் வேளையில் தேசிப்புளி விடுக. முன்னரே விட்டால் இலையின் பசுமை மங்கும். தேசிக்காயிலுள்ள உயிர்ச்சத்து 'சீ' இலையின் இரும்பை உடம்பு ஏற்க உதவுவதால், சோகையுள்ள தாய்மார்க்கு இப்புளி ருசிக்கு மட்டும் உரியதன்று. தேங்காயின் கொழுப்பும் அவ்வாறே, கீரையிலும் கரட்டிலும் உள்ள உயிர்ச்சத்து 'ஏ' உடம்பிற் சேரத் துணைசெய்யும்.

வெள்ளரியின் கசப்புப் பெரும்பாலும் காம்புப் பக்கத்திலே திரளும். அப்பக்கத்தில் ஓர் அங்குலம் வெட்டி நீக்கி, அடுத்த துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கடுங்கசப்பாயின் முழுக்காயையும் எறிந்துவிடுதலே நன்று. அது வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். நீரின்றி வாடிய கொடியிற் கசப்பு மிகும். நாள் தவறாது நீர் பாய்ச்சுதலே பரிகாரம்.

கொய்யா, மாங்காய், வாழைப்பூ ஆகியன வெட்டுவாய் காற்றுப்பட்டவுடன் கறுக்கும். தேசிப்புளி கலந்த நீரில் அரிந்து போட்டால் நிறம் நிற்கும். வாழைப்பழத்தைச் சலாதிற் கடைசியாகச் சேர்க்க. பச்சை அன்னாசியைத் தயிரோடு கலந்து வைத்தால், அதிலுள்ள நொதியம் தயிரைக் கைக்கச் செய்யும்; உண்ணும்போதே கலக்க.

நம்மூரில் மீன் வெட்டாத வீடு அரிது. மீன் வெட்டிய பலகையிலும் கத்தியிலும் பச்சடிக்கு அரிதல் கூடவே கூடாது. பலகை ஒன்றைக் காய்கறிக்கென ஒதுக்கி வைத்தல் பெருஞ்செலவன்று. நறுக்கியவற்றை மூடி வைத்து, குளிர்ப்பெட்டி இல்லாதவிடத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உண்டு முடிக்க.

அறுவடைக் காலத்தில் வயலுக்குச் சோற்றோடு பச்சடியும் அனுப்புவோர், வெள்ளரியை முழுக்காயாகவே கழுவித் துடைத்து அனுப்புதல் நன்று. கைகழுவ நீரும் சுத்தமான கத்தியும் உடன் செல்லட்டும். உப்பிட்டு அனுப்பிய வெள்ளரி வழியிலேயே நீர்விட்டுத் துவண்டுபோம். எருமைத் தயிரும் உப்பும் தனித்தனியே சென்று, வரம்பில் அமர்ந்தபின் ஒன்று சேரட்டும்.