ஒளி மீளாத இடம்



பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலம் வந்த நமக்கு மொழி மாறுகிறது, உணவு மாறுகிறது. வானம் மட்டும் அதிகம் மாறுவதில்லை. ஆடி மாதத்தில் மழைமேகம் விலகிய ஓரிரவு, தில்லியிலோ நாகபுரியிலோ மொட்டைமாடியில் நின்று தெற்கே நோக்கினால் தனுசு இராசியின் விண்மீன்களைக் காணலாம். சென்னையில் கண்டதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும், அவ்வளவே. அத்திசையில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில், நம் பால்வீதியின் நடுவிடம் உள்ளது. அங்கே சூரியனைப் போல் நாற்பது இலட்சம் மடங்கு நிறையுள்ள பொருளொன்று கண்ணுக்குப் புலனாகாமல் அமர்ந்திருக்கிறது. இத்தகைய பொருளையே கருந்துளை என்கிறோம்.

துளை என்னும் பெயர் நம்மை ஏமாற்றிவிடுகிறது. அது வெற்றிடமன்று, பெருநிறை மிகச் சிறிய இடத்தில் ஒடுங்கிய நிலை. மேலே எறிந்த கல் கீழே விழுகிறது. நொடிக்குப் பதினொரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் எறிய இயலுமானால், அது பூமியின் பிடியிலிருந்து தப்பிவிடும். பூமியின் நிறை சிறிதும் குறையாமல், அதை அழுத்தி அழுத்திச் சிறுக்கவைப்பதாகக் கற்பனை செய்வோம். சிறுக்கச் சிறுக்க, மேற்பரப்பில் ஈர்ப்பு வலுக்கும். தப்புவதற்கு வேண்டிய வேகமும் ஏறும். குழந்தைகள் விளையாடும் கோலிக்குண்டின் அளவுக்கு வந்ததும், நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளியும் அங்கிருந்து வெளியேற மாட்டாது. ஒளியை விஞ்சி விரையும் பொருள் இயற்கையில் இல்லையாதலால், உட்சென்ற எதுவும் மீள வழியில்லை.

அருகிலுள்ள அனைத்தையும் இழுத்து விழுங்கும் அரக்கனாகக் கருந்துளையைச் சித்திரிப்பவர் உண்டு. அது தவறு. சூரியனிருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தாலும், பூமி தன் பாதையிலேயே சுற்றிவரும். நாம் குளிரால் மடிவோம், விழுங்கப்பட மாட்டோம்.

இந்த வரலாற்றில் நம்மைப் போல் வெளியூரில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கும் இடமுண்டு. தந்தை அரசாங்கக் கணக்குத் தணிக்கைப் பணியிலிருந்த காலத்தில், 1910-ஆம் ஆண்டு லாகூரில் பிறந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல், பத்தொன்பது வயதில், மேற்படிப்புக்காகப் பம்பாயில் கப்பலேறினார். கடற்பயணத்திலே ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி, உள்ளிருக்கும் எலக்ட்ரான்களின் நெருக்கத்தால் தாங்கப்பட்டு, அமைதியாக ஆறிப்போகும் என்பது அந்நாளைய அறிஞர் கொள்கை. அந்தத் தாங்குதலுக்கும் ஓர் எல்லை உண்டென்று இளைஞரின் கணக்குக் காட்டிற்று. பின்னர்த் திருத்தமாக வகுக்கப்பட்ட அவ்வெல்லை, சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு. எஞ்சிய நிறை அதற்கு மேற்பட்டால், சுருக்கம் அங்கே நில்லாது.

1935 ஜனவரி 11 அன்று, இலண்டனில் அரச வானியல் கழகத்தில் அவர் தம் முடிவை எடுத்துரைத்தார். தொடர்ந்து பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அக்காலத்து வானியலின் பெரும்புள்ளி. கணக்கு மெய்யானால், ஒளியையும் விடாத அளவுக்கு விண்மீன் சுருங்கிக்கொண்டே போக வேண்டுமே, இயற்கை இத்தகைய அபத்தத்துக்கு இடந்தராது என்னும் கருத்துப்படப் பேசி எள்ளினார். வேடிக்கை பாருங்கள்! கருந்துளையை ஏறக்குறையச் சரியாக வருணித்துவிட்டு, வருணித்த காரணத்தாலேயே அதைத் தள்ளினார். அவையிலே நகைப்பு எழுந்தது. சந்திரசேகருக்கு அப்போது வயது இருபத்துநான்கு. அவர் அமெரிக்கா சென்று, அத்துறையைப் பற்றி 1939-இல் நூலொன்று வெளியிட்டுவிட்டு, வேறு ஆராய்ச்சிகளில் இறங்கினார். எடிங்டனிடம் கொண்ட மதிப்பை மட்டும் விட்டுவிடவில்லை. இப்பெருந்தன்மை நம்மை வியக்கவைக்கிறது.

ஒளி விடாத பொருளை அறிவது எவ்வாறு? அதனருகே உள்ளவை நடந்துகொள்ளும் முறையைக் கொண்டுதான். பால்வீதியின் நடுவிடத்தில், ஒரு விண்மீன் பதினாறு ஆண்டுகளுக்கொரு முறை வெற்றிடம் போன்ற ஓரிடத்தைச் சுற்றி வருகிறது. அதன் பாதையையும் வேகத்தையும் ஆண்டுக்கணக்கில் அளந்தே, நடுவிலிருப்பதன் நிறையைக் கணித்தனர். அப்பணிக்காக ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் இருவரும் 2020-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். உலகின் பல பகுதிகளிலுள்ள ரேடியோத் தொலைநோக்கிகளை ஒன்றிணைத்து எடுத்த அதன் உருவமும் 2022-இல் வெளியாயிற்று: ஒளிவளையமும், நடுவே இருளும்.

சந்திரசேகர் அதைக் காண இல்லை, 1995-இல் மறைந்தார். ஆயினும் முதுமையில் அவர் கருந்துளைகளிடமே திரும்பி வந்தார். அவற்றின் கணிதத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் 1983-இல் வெளிவந்தது. விண்மீன்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் ஆராய்ந்ததற்காக, நோபல் பரிசு அவரைத் தேடி வந்ததும் அதே ஆண்டில்தான். கப்பலில் கணக்குப் போட்டு ஐம்பத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.