மாடி காலி, சாவி யாரிடம்?

(மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் தோட்டத்துக் கிராணி. செக்ரோல் எழுதுவது என் தொழில். அதோடு இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. வயதாகி வேலையிலிருந்து நிற்கும் தொழிலாளியிடம் வீட்டுச் சாவியை வாங்கி, ஆபீஸ் பலகையில் மாட்டுகிறவனும் நானே. முப்பது நாற்பது ஆண்டு மரம் சீவிய கை, அந்தச் சாவியை என் மேசைமீது வைக்கிறது. "இனி நாங்கள் எங்கே போவது, கிராணியாரே?" என்று கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. என் வீடும் நிர்வாகத்தின் வீடுதான். என் சாவியும் ஒருநாள் அதே பலகையில் தொங்க வேண்டியதுதான்.

இன்று காலை இந்த மஸ்ஜித் இந்தியா அஞ்சடியில் நடந்து வந்தேன். கீழே துணிக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை. அண்ணாந்து பார்த்தால் சில மாடிகளில் தூசு படிந்த ஜன்னல்களும் 'வாடகைக்கு' என்ற பலகையும்! எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பர் பெரியோர். வளை தேடி அலைவோர் ஒருபுறம்; ஆளில்லாத மாடி மறுபுறம். இவ்விரண்டையும் சேர்த்துவைக்க இயலாதா?

மாடிக் குடித்தனம் இந்நகருக்குப் புதிதன்று. 1881இல் கோலாலம்பூர் தீக்கிரையாயிற்று. பின்னர் 1884 முதல் செங்கல்லும் ஓடும் கொண்டு கடைகள் எழும்பின. சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. கீழே வியாபாரம், மேலே குடும்பம் என்பதே அக்கடைகளின் அமைப்பு. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டியவற்றுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாய் நின்றது. 1997இல் அச்சட்டம் ரத்தாயிற்று. 1999 முடிவோடு காவலும் போயிற்று. வாடகை ஏறியது, பழைய குடிகள் பலர் இறங்கினர்.

இப்பொழுது அரசாங்கமே இப்பக்கம் திரும்பியிருக்கிறது. 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், வணிகக் கட்டடங்களை வீடுகளாக மாற்றும் செலவுக்கு 10 விழுக்காடு சிறப்பு வரிக் கழிவு அறிவிக்கப்பட்டது. கட்டடக்காரருக்குச் சலுகை கிடைக்கட்டும். குடிபோகிறவனுக்கு என்ன கிடைக்கும்? அதைக் கேட்பது சங்கத்தின் கடமையல்லவா?

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 2013இல், வழக்கமான முழு அனுமதி இன்றியே அலுவலகங்களை வீடுகளாக்க வழி திறந்தார்கள். வீடுகள் பல கிடைத்தன. கூடவே ஜன்னலற்ற அறைகளும், புரண்டு படுக்க இடமில்லாத அறைகளும் வந்தன. 2020இல்தான் இயற்கை வெளிச்சம் கட்டாயமாயிற்று. 2021இல்தான் ஒருவர் வசிக்கும் வீட்டுக்கும் குறைந்தது 37 சதுர மீட்டர் வேண்டும் என்ற அளவு வந்தது. குடியேற்றியது முன்னே, விதி வந்தது பின்னே! அந்தத் தவறு இங்கே நேரக்கூடாது.

நமது கட்டடத் துணைவிதிகள் தெளிவாகவே சொல்கின்றன. அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஜன்னல் வேண்டும்; அதில் பாதியளவு காற்றுக்குத் திறக்க வேண்டும். வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. கடைவீடோ அகலம் குறைந்தது, நீளம் மிகுந்தது. ஆகையால்தான் முன்னோர் நடுவில் முற்றம் விட்டுக் கட்டினர். முற்றத்தை மூடி, பலகை அடித்து, ஒரு மாடியை எட்டு அறையாக்கினால் அது வீடாகுமா? லயத்தைத் தூக்கி மாடியில் வைத்ததாகவே ஆகும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, வெளிச்சமும் காற்றும். இரண்டாவது, தீப்பிடித்தால் தப்ப இன்னொரு வழி. மூன்றாவது, நிலப் பத்திரத்திலும் நகராண்மைக் கழக ஏட்டிலும் முறையான மாற்றம்; மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் கடைக் கட்டணம் போகாமல் வீட்டுக் கட்டணம். நான்காவது, எழுத்தில் நீண்டகால வாடகை ஒப்பந்தம். குடும்பங்கள் கூடினால் கழிவுநீரும் கூடும். 2024 ஆகஸ்டில் இதே வீதியில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி மறைந்துபோன துயரை நாம் மறக்கவில்லை. மாடியைப் பார்க்குமுன் மண்ணுக்கடியையும் பார்க்கச் சொல்வோம்.

மூட்டுவலி கண்ட முதியவர் மூன்று மாடி ஏறுவாரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லிப்ட் இல்லாத கட்டடத்தில் முதல் மாடி முதியோருக்கு. மேல்மாடி, நகரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு.

பணம் எங்கே என்பீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டும் மக்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் போட்டார்கள், தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டம் வாங்கிய கைகளுக்கு ஒரு மாடியைக் குத்தகைக்கு எடுப்பது எட்டாத காரியமா? சங்கமும் கூட்டுறவும் சேர்ந்து ஒரே ஒரு மாடியை எடுத்து, விதிப்படி மாற்றிக் காட்டட்டும்.

இத்தனை காலம் சாவியை வாங்கி மாட்டியவன் நான். ஓய்வு பெறும் ஒரு தொழிலாளியின் கையில் ஒரு சாவியைக் கொடுத்து அனுப்பும் நாளும் எனக்கு வாய்க்க வேண்டும். அதற்கு உங்கள் ஒத்துழைப்பை வேண்டி அமர்கிறேன். ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!