இளவேனிலில் ஒரு பள்ளி



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணியாற்றி, அவற்றுள் பல ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தலைமையாசிரியரே இல்லாத ஒரு பள்ளியைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். 'தலைவர் இல்லாத இடத்தில் ஒழுங்கு எங்ஙனம் நிலைக்கும்?' என்று நீங்கள் வியக்கலாம். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் அப்பள்ளியைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது நானும் அவ்வாறே வியந்தேன். அந்த வியப்பு இன்னும் முற்றும் நீங்கவில்லை. ஆயினும், அங்கே இளவேனிற் பருவத்தில் நடைபெறும் விழாக்களைப் பற்றிப் படித்தறிந்த பின்பு, என் பணிக்காலத்தில் நான் செய்த பிழை ஒன்று எனக்கு நன்கு விளங்கிற்று. அதனை இறுதியில் சொல்கிறேன்.

முதலில் அப்பள்ளி பிறந்த வரலாற்றைக் கேளுங்கள். முதல் உலகப் பெரும்போர் 1918ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் முடிவுற்றது. தோல்வியுற்ற ஜெர்மனி பசியாலும் குழப்பத்தாலும் நலிந்து கிடந்தது. அந்நாட்டின் தென்மேற்கில் ஸ்டுட்கார்ட் என்றொரு நகரம் உண்டு. அங்கே வால்டார்ப் அஸ்டோரியா என்னும் பெயருடைய சிகரெட்டுத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதனை நடத்தி வந்தவர் எமில் மோல்ட் என்பவர். தம் தொழிலாளரின் மக்கள் செல்வர் வீட்டு மக்களைப் போன்றே நிறைந்த கல்வி பெறல் வேண்டும் என்பது அவர் அவா. அவர் ருடால்ப் ஸ்டைனர் என்னும் ஆஸ்திரிய நாட்டுச் சிந்தனையாளரை அணுகினார். ஸ்டைனர் முதற்கண் ஆசிரியர்களைத் தேர்ந்து, இரண்டு வாரங்கள் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். நகரை அடுத்த குன்றின்மேல், முன்பு உணவு விடுதியாக இருந்த கட்டடத்தை மோல்ட் விலைக்கு வாங்கித் தந்தார். 1919ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், 256 குழந்தைகளோடும் எட்டு வகுப்புகளோடும் பள்ளி தொடங்கிற்று. தொழிற்சாலையின் பெயரே பள்ளிக்கும் அமைந்தது. அதனைப் பின்பற்றி எழுந்த பள்ளிகள் எல்லாம் இன்றும் வால்டார்ப் பள்ளிகள் என்றே வழங்குகின்றன. உலகெங்கும் அவை ஆயிரத்துக்கு மேற்பட்டவை. நம் நாட்டில் மும்பையிலும் ஐதராபாத்திலும் அத்தகைய பள்ளிகள் உள்ளன.

பள்ளியை ஏற்கும் முன் ஸ்டைனர் சில நிபந்தனைகளை விதித்தார். ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளும் பயிலல் வேண்டும். ஆணும் பெண்ணும் ஒருங்கே அமர்ந்து கற்றல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக் கல்வி இடையில் பிரிவினையின்றித் தொடர்தல் வேண்டும். பள்ளியை நடத்தும் பொறுப்பு, குழந்தைகளோடு நாள்தோறும் பழகும் ஆசிரியர்களிடமே இருத்தல் வேண்டும். இறுதியாகச் சொன்ன நிபந்தனையின் விளைவாகவே அங்கே தலைமையாசிரியர் என்றொரு பதவி இல்லாமற் போயிற்று. வாரந்தோறும் ஆசிரியர் அனைவரும் ஓர் அவையாகக் கூடுவர். பள்ளியின் காரியங்களை ஆராய்ந்து முடிவு செய்வர். பள்ளிக்குப் பொருள் திரட்டுவதிலும் விழாக்களை நடத்துவதிலும் பெற்றோர் தோள் கொடுப்பர்.

இனி, இளவேனிலுக்கு வருவோம். குளிர்காலம் என்பதன் கடுமையை நாம் நன்கறியோம். ஜெர்மனியில் டிசம்பர்த் திங்களில் மாலை நாலரை மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். மரங்கள் இலையின்றி நிற்கும். மண் உறைந்து கிடக்கும். மார்ச்சுத் திங்களில் பகலும் இரவும் சமமாகி, வெயில் சற்றே சுடத் தொடங்கியதும், உறைந்த மண்ணைப் பிளந்துகொண்டு சிறு பூக்கள் தலை நீட்டும். அதனைக் காணும் அந்நாட்டுக் குழந்தையின் உள்ளக் களிப்பு, கோடை முழுதும் வறண்டு கிடந்த ஆற்றில் புதுப்புனல் வரக் காணும் நம் குழந்தையின் களிப்பை ஒத்தது எனலாம்.

அப்பள்ளிகளில் தொடக்க வகுப்பு ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் சிறு மேசை ஒன்று இருக்கும். அதற்குப் பருவ மேசை என்று நாம் பெயரிடலாம். குளிர்காலத்தில் அதன்மேல் கல்லும் வேரும் உலர்ந்த கிளையும் இருக்கும். இளவேனில் வந்ததும் குழந்தைகள் வழியிற் கண்ட மொட்டையும் தளிரையும் கொணர்ந்து வைப்பர். ஈஸ்டர் திருநாளுக்குச் சில நாட்கள் முன்னதாகத் தட்டுகளில் மண் பரப்பிக் கோதுமை மணிகளை விதைப்பர். திருநாளன்று அவை விரல் உயரத்துக்குப் பசும்புல்லாய் நிற்கும். நம் ஊர்களில் பெண்கள் முளைப்பாரி வளர்ப்பதை இது நினைவூட்டுகிறதன்றோ! அப்பசுமையின் நடுவே வண்ணம் தீட்டிய முட்டைகளை வைப்பர். ஈஸ்டர் எந்த நாளில் வரும் என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. மார்ச்சு 21ஆம் நாளுக்குரிய முழு நிலவையோ, அதற்குப்பின் வரும் முதல் முழு நிலவையோ அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்நாள். ஞாயிறு, திங்கள், வாரம் ஆகிய மூன்று கணக்குகளையும் அத்திருநாள் ஒன்றாக இணைக்கிறது.

அங்கே விழாவும் பாடமும் வேறு வேறல்ல. ஒன்பது வயதுக் குழந்தைகள் பயிலும் மூன்றாம் வகுப்பில் உழவுத் தொழில் ஒரு பாடம். படத்தைக் காட்டி நடத்தும் பாடம் அன்று, குழந்தைகளே மண்ணைக் கொத்தி விதைப்பர், களை எடுப்பர், விளைந்ததை அறுத்து, அடித்து, அரைத்து, ரொட்டி சுட்டு உண்பர். ஐந்தாம் வகுப்பில் செடிநூல் பயில்வர். காளானும் பாசியும் முதலாகப் பூக்கும் செடி ஈறாக நேரிற் கண்டு, வரைந்து, எழுதி, ஒவ்வொருவரும் தமக்கெனப் பாடநூல் ஒன்றைத் தாமே ஆக்கிக்கொள்வர். காலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், மூன்று நான்கு வாரங்களுக்குத் தொடர்ந்து ஒரே பாடத்தை நடத்துவது அவர்கள் முறை. ஓர் ஆசிரியரே முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அதே குழந்தைகளோடு செல்வதும் உண்டு.

இவ்வாறு கற்றவற்றைப் பள்ளி முழுதும் ஒருவர்க்கொருவர் காட்டும் நாள் ஒன்று உண்டு. அதற்கு மாத விழா என்று பெயர். ஸ்டைனர் காலத்திலேயே தொடங்கிய வழக்கம் இது. இன்று பல பள்ளிகளில் மாதந்தோறும் அன்றி ஆண்டுக்குச் சில முறை நடைபெறுகிறது. இளவேனில் விழா அவற்றுள் ஒன்று. அதற்கென்று தனியாக ஒத்திகை பார்த்துப் புதிய நிகழ்ச்சி ஒன்றை உருவாக்குவதில்லை. வகுப்பில் நடந்த பாடமே மேடைக்கு வருகிறது. முதல் வகுப்புக் குழந்தைகள் தாம் கற்கத் தொடங்கிய பிறமொழியில் ஒரு பாட்டைப் பாடுவர். ஏனெனில் முதல் வகுப்பிலிருந்தே அங்குப் பிறமொழி கற்பிக்கப்படும். நான்காம் வகுப்பார் ஒரு கதைப்பாட்டை ஒரே குரலாய் ஓதுவர். மேல்வகுப்பார் யூரித்மி எனப்படும், சொல்லின் ஒலிக்கும் இசைக்கும் ஏற்ப உடல் அசையும் கலையைக் காட்டுவர். இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். மேடை ஏறுபவர் வகுப்பின் தேர்ந்தெடுத்த நால்வர் அல்லர். வகுப்பு முழுதும் ஏறுகிறது. கீழே அமர்ந்திருக்கும் சிறு குழந்தை, தான் நாளை கற்கப் போவதை மேடையில் காண்கிறது. மேல்வகுப்பு மாணவனோ தான் கடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறான்.

ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் உள்ள வால்டார்ப் பள்ளிகளில் மே முதல் நாளை ஒட்டி ஓர் ஆடல் நிகழும். திடலின் நடுவே உயர்ந்த கம்பம் ஒன்றை நாட்டி, உச்சியிலிருந்து பல நிற நாடாக்களைத் தொங்கவிடுவர். ஆளுக்கொரு நாடாவைப் பற்றிக்கொண்டு, பாதிப்பேர் வலமாகவும் பாதிப்பேர் இடமாகவும், ஒருவர் மேலும் மற்றவர் கீழுமாக மாறி மாறிச் சென்று ஆடுவர். கம்பத்தின்மேல் நாடாக்கள் பின்னிக்கொண்டே வரும். 'இது நம் பின்னல் கோலாட்டமன்றோ!' என்று நீங்கள் கூவுவது என் செவியில் விழுகிறது. ஆம், இரண்டும் உடன்பிறந்தவை போன்று ஒத்திருக்கின்றன. இரண்டுக்கும் விதியும் ஒன்றே. ஒருவர் அடி தவறினால் எல்லாருடைய பின்னலும் சிக்குண்ணும். சிக்கலை அறுத்தெறிய இயலாது. எல்லாரும் வந்த வழியே திரும்பி ஆடித்தான் அதனை அவிழ்த்தல் வேண்டும். கூட்டுவாழ்வைப் பற்றி நான் வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவுகள் அனைத்தும் இந்த ஓர் ஆடலுக்கு ஈடாகா.

விழா நாளில் பெற்றோர் விருந்தினராக வந்து நாற்காலியில் அமர்ந்து செல்வதில்லை. முதல் நாளே வந்து திடலைத் தூய்மை செய்வோர் சிலர். பண்டம் சமைப்போர் சிலர். கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அப்பணத்தைப் பள்ளிக்கு ஈவோர் சிலர். விழாவைத் திங்கள் கணக்கால் அன்றிப் பருவத்தால் வரையறுப்பதும் அவர்கள் இயல்பு. ஆஸ்திரேலியாவில் இளவேனில் செப்டம்பரில் வருகிறது. எனவே அங்குள்ள பள்ளிகளின் இளவேனில் விழாவும் அப்போதே வருகிறது.

இத்தகைய கூட்டுவாழ்வு இன்பக் காலத்துக்கு மட்டும் உரியதோ என்று நீங்கள் கேட்கலாம். காலமே அதனைச் சோதித்தது. ஜெர்மனியில் ஆட்சியைக் கைப்பற்றிய இட்லரின் கட்சியார், குழந்தைகளை அரசின் கருவியாக்க விரும்பியவர்கள். தன்னுரிமையோடு இயங்கும் பள்ளிகளை அவர்கள் பொறுக்கவில்லை. முதல் வகுப்பில் புதிய குழந்தைகளைச் சேர்த்தலாகாது என்று முதலில் தடுத்தனர். 1938ஆம் ஆண்டு இளவேனிலில், பூக்கள் மலரும் அப்பருவத்திலேயே, ஸ்டுட்கார்ட் பள்ளியின் கதவு அடைக்கப்பட்டது. பின்பு போர் மூண்டது; நகரின்மேல் குண்டுகள் விழுந்தன; பள்ளிக் கட்டடமும் சிதைந்தது. ஆயினும் போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே, அக்டோபர்த் திங்களில், அப்பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது. கட்டடம் வீழ்ந்தும் பள்ளி வீழவில்லை; ஏனெனில் அது மக்களின் உறவில் நின்றது.

நான் இப்பள்ளிகளைக் கண்மூடிப் புகழ வரவில்லை. ஸ்டைனரின் ஆன்மிகக் கொள்கைகள் பலவற்றை அறிவியலார் ஏற்பதில்லை. மனித இனங்களைப் பற்றி அவர் கூறியவற்றுள் சில இன்று கண்டிக்கத்தக்கனவாகவே உள்ளன. அரசின் பொருளுதவி இல்லாத நாடுகளில் இப்பள்ளிகளின் கட்டணம் மிகுதி. தொழிலாளர் மக்களுக்காகப் பிறந்த பள்ளி, அவ்விடங்களில் தொழிலாளர் எட்டிப் பிடிக்க இயலாத பள்ளியாகிவிட்டது. நல்லதைக் கொண்டு அல்லதை விடுவதே கற்றவர்க்கு அழகு.

இனி, நான் சொல்வதாகக் கூறிய பிழைக்கு வருகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் ஆண்டு விழா நெருங்கிக் கொண்டிருந்தது. அறுநூறு மாணவர் பயின்ற பள்ளி. நாடகத்துக்கும் பாட்டுக்கும் பேச்சுக்குமாக நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்திருந்தோம். ஒரு நாள் மாலை, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். திக்கித் திக்கிப் பேசும் இயல்புடையவன். "ஐயா, விழாவில் எனக்கு ஏதாவது வேலை உண்டா?" என்று கேட்பதற்கு அவனுக்குச் சிறிது நேரம் பிடித்தது. நான் வேடிக்கையாக, "முன்வரிசையில் உட்கார்ந்து நன்றாகக் கைதட்டு, அதுவும் ஒரு வேலைதான்" என்றேன். அறையில் இருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். விழா நாளன்று அவன் பள்ளிக்கு வரவில்லை.

விழா மிகச் சிறப்பாக நடந்தது. வந்திருந்த பெரியோர் என்னைப் பாராட்டினர். அம்மாணவனை நான் அன்றே மறந்துவிட்டேன். பல ஆண்டுகள் கழிந்து, வால்டார்ப் பள்ளியின் மாத விழாவைப் பற்றிப் படித்தபோதுதான் அவன் முகம் என் நினைவில் வந்து நின்றது. திக்கிப் பேசுவோர் பலருடன் சேர்ந்து ஒரே குரலாய் ஓதும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. இது பேச்சுப் பயிற்சி வல்லுநர் நன்கறிந்த உண்மை. வகுப்பு முழுதும் ஒரு பாட்டை ஓதுமாறு நான் ஏற்பாடு செய்திருந்தால், அவன் நாவும் அன்று தடையின்றிப் பேசியிருக்கும். அதற்குப் பொருட்செலவும் இல்லை; வெளிநாட்டு முறையும் தேவையில்லை. அவனுக்கும் ஓர் இடம் உண்டு என்ற எண்ணம் ஒன்றே தேவைப்பட்டது. அது எனக்கு இல்லாமற் போயிற்று.

மாணவச் செல்வங்களே! உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் விழாக்கள் வரும். நீங்கள் மேடையில் நிற்பவராயின், கீழே அமர்ந்திருப்போரை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நீங்கள் கீழே அமர்ந்திருப்பவராயின், தயங்காது சென்று, "எனக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள். உங்களுள் பலர் நாளை ஆசிரியராவீர்கள். அந்நாளில் ஒரு சிறுவன் உங்கள் அறை வாயிலில் நின்று அதே கேள்வியைக் கேட்பான். அவனுக்கு என்னைக் காட்டிலும் நல்ல விடை ஒன்றை இப்பொழுதே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.