சொந்தச் செலவில் டாக்டர் பட்டமா?

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

என்னை இன்னமும் 'டேய்' போட்டுக் கூப்பிடும் வகுப்புத் தோழர்களே, சாப்பாடு எப்போது என்று கடைசி வரிசையில் காத்திருக்கும் மாணவச் செல்வங்களே!

'வாழ்வில் வெற்றி' என்று பேசச் சொன்னார்கள். அதெல்லாம் நமக்கு வராது. போன ஜூன் மாதம் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்தவள். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் பி.எச்டி.க்கு இடம் தந்து கடிதம் அனுப்பியது. வீட்டில் கேசரி கிண்டியாச்சு. விஷயம் இரண்டாம் பக்கத்தில்தான் இருந்தது: உதவித்தொகை இல்லை, எல்லாம் சொந்தச் செலவு.

கணக்குப் போட்டோம். கட்டணம் ஆண்டுக்கு 25,000 பவுண்டு. தங்க, சாப்பிட மாதம் 1,200 என்று சிக்கனமாக வைத்தாலும் மூன்று ஆண்டுக்கு 43,200. விசாவோடு மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776. அதை மொத்தமாக முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். பவுண்டுக்கு 110 ரூபாய் என்று வைத்தாலே 1 கோடியே 30 லட்சத்தைத் தாண்டுகிறது. நான்காவது வருஷத்துக்கு இழுத்தால் அது தனி. வேதியியலில் இழுக்காவிட்டால்தான் ஆச்சரியம்!

"வீட்டை வெச்சிடலாங்க, படிப்புக்குத்தானே" என்றார் என் மனைவி. 1 கோடிக்கு 10 சதவீத வட்டி என்றால் மாதம் 83,000 ரூபாய். பட்டம் வாங்கி வருபவளுக்கு முதல் சம்பளமே அவ்வளவு கிடைக்குமா? நான் வாய் திறக்கவில்லை.

மகள் கேட்டதுதான் என்னைக் குடைந்தது. "சீட் குடுத்திருக்காங்கன்னா என் வேலை பிடிச்சுத்தானேப்பா? பணம் குடுக்கலைன்னா பிடிக்கலைன்னு அர்த்தமா?"

இரண்டும் இல்லை. அங்கே உதவித்தொகைப் போட்டிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பம் வாங்கி முடித்துவிடும். இவள் விண்ணப்பித்தது ஏப்ரலில். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு போனால், உள்ளே வாங்க என்பார்கள், சோறு இருக்காது. அந்தக் கடிதம் தகுதி உண்டு என்று மட்டும் சொல்கிறது. அவள் ஆராய்ச்சிக்கு யாரும் பணம் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லவில்லை.

அறிவியல் ஆராய்ச்சியில் மாணவர் கைக்காசு போடுவது வழக்கமே இல்லை, தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் பாடம் நடத்தியோ, ஆய்வகத்தில் உதவியோ கட்டண விலக்கும் மாதத் தொகையும் பெறுகிறார்கள். ஜெர்மனியில் பலர் சம்பள ஒப்பந்தத்திலேயே சேர்கிறார்கள். நம் நாட்டு ஜே.ஆர்.எஃப். 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். (இலக்கியம், வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை குறைவு. அவர்கள் கணக்கு வேறு.) ராமானுஜனே சொந்தக் காசில் கப்பலேறவில்லை. 1914-ல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டும் பயணச் செலவும் கொடுத்தது. 1930-ல் நம் மாநிலக் கல்லூரி சந்திரசேகர் கேம்பிரிட்ஜ் போனதும் அரசு உதவித்தொகையில்தான்.

அதற்காகச் சொந்தச் செலவில் போகிறவர் எல்லாம் ஏமாளி என்று நான் சொல்ல வரவில்லை. விடுப்பில் போகிற கல்லூரி ஆசிரியர், செலவை ஏற்கும் கம்பெனி ஊழியர், அடமானம் வைக்காமலே கொடுக்க முடிந்த குடும்பம் — இவர்கள் தாராளமாகப் போகலாம். என் வீட்டுக்கு அது பொருந்தவில்லை.

மகளை அந்தப் பேராசிரியருக்கே எழுதச் சொன்னேன். உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் சொந்தச் செலவில் படிக்கிறார்கள்? எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? ஆய்வகச் செலவுக்குத் தனியாக 'பெஞ்ச் ஃபீ' உண்டா? இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா? இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தாள். மூன்றாம் நாளே பதில் வந்தது. பெஞ்ச் ஃபீ உண்டு. தள்ளிவைக்கலாம். "முதல் ஆண்டு நீங்கள் கட்டினால், அடுத்த ஆண்டு ஏதாவது கிடைக்கலாம்" என்றும் எழுதியிருந்தார். அந்தக் 'கிடைக்கலாம்' என்ற சொல்லை நம்பி வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவளே தள்ளிவைக்கக் கேட்டு எழுதினாள். இந்தத் தடவை உதவித்தொகைக்கு நேரத்தோடு விண்ணப்பித்திருக்கிறாள். நெட் தேர்வுக்கும் படிக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை.

இங்கே யார் கையிலாவது இப்படிக் கடிதம் இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு வேதியியல் துறை வாசலில் இருப்பேன். இரண்டாம் பக்கத்தையும் கொண்டு வாருங்கள்.