விபத்து இழப்பீடும் சிறப்புக் குழந்தையின் எதிர்காலமும்
(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வக்கீல் இல்லை. வங்கிக் கவுண்டரில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன். இந்த விஷயங்கள் சட்டப் புத்தகத்தில் ஒரு மாதிரியும் கவுண்டரில் வேறு மாதிரியும் இருக்கும். அந்தக் கவுண்டர் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த ஒருவர் எங்கள் கிளையில் டெபாசிட் போட்டிருந்தார். மகனை நாமினியாகப் போட்டிருந்தார். அவர் காலமான பிறகு, மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு தம்பி வந்தார். பையனுக்கு 23 வயது, அறிவு வளர்ச்சி ஐந்து வயதுக் குழந்தை அளவுதான். அவனால் கையெழுத்துப் போட முடியாது, அவனுக்காகப் போடவும் யாருக்கும் சட்டப்படி உரிமை இல்லை. விண்ணப்பத்தை என் கையாலேயே திருப்பிக் கொடுத்தேன். "அண்ணன் நாமினி போட்டுட்டுத்தானுங்களே போனாரு?" என்று அந்தத் தம்பி கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் பல மாதம் அலைந்தார்கள்.

பணம் கிடைப்பது ஒரு வேலை. அது அந்தப் பிள்ளைக்குக் கடைசி வரை போய்ச் சேருவது இன்னொரு வேலை. நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இந்த இரண்டாகவே பிரித்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி: விபத்து நடந்தால் வழக்குப் போட எவ்வளவு காலம்?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம் 1.4.2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அதை நம்பி நாம் காத்திருக்க வேண்டாம். "சிகிச்சை முடியட்டும், ஊனச் சான்று வரட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். மனுவை முதலில் போடுங்கள், சான்றுகளைப் பின்னால் சேர்க்கலாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

நம் ஊரில் ரோட்டிலேயே பத்தாயிரம், இருபதாயிரம் வாங்கிக்கொண்டு "கேஸ் வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. தலையில் அடிபட்டவர் விஷயத்தில் அதை மட்டும் செய்யாதீர்கள். மூளைக்காயத்தின் முழு பாதிப்பு தெரியவே மாதக்கணக்கில் ஆகும்.

இரண்டாவது: நீதிமன்றம் எப்படிக் கணக்குப் போடுகிறது?

2007இல் ஹரியானாவில் விபத்தில் சிக்கிய 12 வயதுச் சிறுமியின் வழக்கு இது. தலைக்காயத்தால் அவள் ஆயுள் முழுவதும் அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் நிலை வந்தது. தீர்ப்பாயம் கொடுத்தது சுமார் 11 லட்சம். உயர் நீதிமன்றம் அதைச் சுமார் 26 லட்சமாக்கியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 62 லட்சத்து 27 ஆயிரம் கொடுத்தது.

பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மட்டும் போட்ட கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு மாதம் 5,000 வீதம் இரண்டு பேருக்கு 10,000. வருடத்துக்கு 1,20,000. அந்த வயதுக்கு உரிய பெருக்கு எண் 18. மொத்தம் 21,60,000. அம்மாவே பார்த்துக்கொள்கிறார் என்றாலும் அந்த வேலைக்கு விலை உண்டு. மனுவில் அதைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது: லோக் அதாலத்தில் சமரசம் செய்துகொள்ளலாமா?

செய்யலாம், சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. ஆயுள் முழுவதும் கவனிப்பு வேண்டிய பிள்ளை என்றால், மேலே சொன்ன கணக்கை வீட்டிலேயே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான்காவது: "எங்க பணத்தை ஏனுங்க பேங்க் தர மாட்டேங்குது?"

கவுண்டரில் நான் அதிகம் கேட்ட கேள்வி இது. 1993இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் கொடுத்தது. மைனரின் தொகையை நீண்டகால டெபாசிட்டில் போட வேண்டும். தீர்ப்பாயத்தின் அனுமதி இல்லாமல் எடுக்கவோ அதன்மேல் கடன் வாங்கவோ கூடாது. வட்டி மாதாமாதம் வர வேண்டும். பணம் சொந்தக்காரர் கடனுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் கரைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இது. அறுவை சிகிச்சை போன்ற உண்மையான தேவை வந்தால் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு எடுக்கலாம். வங்கி ஊழியரிடம் சண்டை போடுவதில் பலன் இல்லை, அவர் கையில் எதுவும் கிடையாது.

இனி இரண்டாவது வேலை: நமக்குப் பிறகு யார்?

பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் பெற்றோர் தானாகவே சட்டப் பாதுகாவலராகத் தொடர்வதில்லை. இது பல பேருக்குத் தெரியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன்படி பாதுகாவலர் நியமனம் பெறலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு அதைத் தருகிறது. பல்லடம் ரோட்டில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில் கேளுங்கள். அந்த டெய்லர் வீட்டில் இல்லாமல் போனது இந்த ஒரு காகிதம்தான்.

அடுத்தது நாமினி. நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பவர், அவ்வளவே. யாருக்குச் சொத்து என்பதை உயில்தான் சொல்லும். வீடு, டெபாசிட் என்று கொஞ்சம் பெரிய தொகை இருந்தால், பிள்ளையின் பெயரில் நேரடியாக எழுதாமல், அவன் நலனுக்கென்று ஒரு தனியார் டிரஸ்ட் ஏற்படுத்துவதைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். டிரஸ்டிகளில் ஒருவராவது நம்மைவிட இளையவராக இருக்கட்டும்.

கம்பெனியில் பி.எஃப். பிடித்தவர்களுக்கு ஒன்று. 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், சந்தாதாரர் இறந்தால், நிரந்தரமாக முழு ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பு இல்லாமல் ஓய்வூதியம் உண்டு. பி.எஃப். குடும்ப விவரத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

கடைசியாக, ஒரு ஃபைல் வாங்குங்கள். ஊனச் சான்றும் அடையாள அட்டையும், பாதுகாவலர் ஆணை, உயிலின் நகல், கணக்கு விவரங்கள் ஆகியவற்றை அதில் வையுங்கள். அதோடு ஒரு தாளில் பிள்ளை என்ன மாத்திரை சாப்பிடுவான், எதைக் கண்டால் பயப்படுவான், எந்தச் சோறு பிடிக்கும் என்று எழுதுங்கள். சட்டம் அதைக் கேட்காது. ஆனால் நாளைக்கு அவனைப் பார்த்துக்கொள்பவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.

படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். அந்த வேலை மட்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.