சிறு உந்துதல், நீண்ட பயணம்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



பதுளையில் நடக்கும் விழாவில் விண்வெளிப் பேச்சு எதற்கு என்று நினைப்பீர்கள். 2017 மே 5ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய ஜிசாட்-9, தெற்காசியச் செய்மதி என்ற பெயரில் இலங்கை உள்ளிட்ட அயல்நாடுகளுக்கும் சேர்த்தே அனுப்பப்பட்டது. அதில் நமக்கும் உரித்துண்டு.

சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் செய்மதியைச் சூரியனும் சந்திரனும் இழுத்து இடம் மாற்றிவிடும். திரும்பத் திரும்பத் தள்ளி அதன் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கான இரசாயன எரிபொருளே பெரும் பாரம். பழைய கரிக்கோச்சி தன் கரியையும் சுமந்துகொண்டே தெமோதரையில் ஏறியதை நினைத்துப் பாருங்கள்.

ஜிசாட்-9 இல் மின் உந்துகையும் சேர்க்கப்பட்டது. செனன் வாயுவின் அணுவிலிருந்து ஓர் இலத்திரனைக் கழற்றினால் அது அயனாகும். சூரியத் தகடுகள் தரும் மின்சாரம் அந்த அயன்களைச் செக்கனுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் வெளியே தள்ள, செய்மதி எதிர்த்திசையில் நகரும். இரசாயன முறையில் அந்த வேகம் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர்தான். வேகம் கூடக்கூட எரிபொருள் குறைவாகவே போதும்.

ஆனால் உந்துதல் மிகச் சிறியது. நம் அம்மாமார் கிள்ளும் சில கொழுந்துகள் உள்ளங்கையில் தரும் பாரம், அவ்வளவே. ஆயினும் அது விடாமல் தள்ளும். 2007இல் புறப்பட்ட நாசாவின் டோன் விண்கலம் அயன் உந்துகையின் துணையோடு 2011இல் வெஸ்டாவையும் 2015இல் சீரிஸையும் அடைந்தது.

இதே முறையைச் சுமந்த இந்தியாவின் ஜிசாட்-4, 2010 ஏப்ரலில் ரொக்கெட் கோளாறால் கடலில் வீழ்ந்தது. ஏழு ஆண்டுகள் உழைத்து மீண்டும் அனுப்பினார்கள். 2019இல் விண்வெளிக்குச் சென்ற நம் நாட்டின் ராவணா-1 ஐ ஜப்பானில் உருவாக்கிய இலங்கையர் இருவரில் ஒருவர் டுலானி சாமிகா என்ற பெண்.

நம் லயத்துப் பிள்ளைகளுக்கும் அந்த வழி திறக்க வேண்டாமா? பௌதிகவியலுக்குத் தமிழ்மொழி ஆசிரியர் இல்லாமல் கலைப்பிரிவுக்குத் திரும்பியவர்கள் நம் வகுப்புகளிலேயே இருந்தார்கள். இன்றும் பசறை, லுணுகலைப் பக்கத்து மலைகளிலிருந்து பஸ் ஏறிவரும் தங்கைகளுக்கு அதே கவலை வரக்கூடாது.

உலகெங்கும் வாழும் சகோதரிகளே, ஒரே தடவையில் பெருந்தொகை கேட்கவில்லை. மாதந்தோறும் ஒரு பிள்ளையின் பஸ் காசு தாருங்கள். பொறியியலாளராய், ஆசிரியையாய் இருப்பவர்கள் வாரம் ஒரு மணித்தியாலம் இணையவழியில் பாடம் சொல்லுங்கள். விழாவின் உற்சாகம் நாளையே அடங்கிவிடும். நிறுத்தாத சிறு உந்துதல்தான் பிள்ளைகளைத் தூரம் கொண்டுசேர்க்கும்.