உழைத்துப் பெற்ற உடல்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் பங்கு இளைஞர்களில் சிலர் ஆணழகன் போட்டிகளுக்குத் தயாராகி வருகிறார்கள் என்று அறிந்து மகிழ்கிறேன். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சேர்த்தே இன்று பேச வந்திருக்கிறேன்.

போட்டி மேடையில் ஒருவன் நிற்பது சில நிமிடங்களே. அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. இங்கேதான் ஆசை காட்டுகிறவர்கள் வந்து சேர்கிறார்கள். "ஏன் தம்பி இவ்வளவு பாடுபடுகிறாய்? இந்த ஊசியைப் போட்டுக்கொள், மூன்றே மாதத்தில் தோள் திரண்டுவிடும்" என்பார்கள். அவர்கள் சொல்வது முழுப் பொய் அன்று. ஸ்டீராய்டு மருந்தால் தசை விரைவாகத் திரளத்தான் செய்யும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையை அவர்கள் சொல்வதில்லை.

அந்த விலை என்ன? வெளியிலிருந்து ஹார்மோன் வரத் தொடங்கினால், உடல் தானே சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பிள்ளைப் பேறே பாதிக்கப்படலாம். இதயத் தசை தடிக்கலாம், கல்லீரல் கெடலாம். வளரும் வயதில் எடுத்துக்கொண்டால் எலும்பு வளர்ச்சி முன்னதாகவே முடிந்து, உயரம் நின்றுவிடக்கூடும்.

தசைகள் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று உடலின் நீரை மருந்தால் வெளியேற்றும் பழக்கமும் உண்டு. முகம்மது பெனாசிசா என்ற புகழ்பெற்ற வீரர் 1992இல் ஹாலந்தில் நடந்த போட்டிக்குப் பின் சில மணி நேரத்திலேயே இறந்துபோனதற்கு அதுவே காரணமாகக் கூறப்பட்டது.

"மருந்தில்லாமல் வெல்ல முடியுமா?" என்று கேட்பீர்கள். மனோகர் ஐச் என்ற வங்காளியின் வாழ்க்கையைப் பாருங்கள். உயரம் 4 அடி 11 அங்குலம். வெள்ளைக்காரர் ஆட்சியில் விமானப் படையில் இருந்தபோது அதிகாரி ஒருவரை எதிர்த்ததற்காகச் சிறை சென்றார். சிறையிலும் உடற்பயிற்சியை விடவில்லை. விடுதலையான பின் வறுமையில் வாடினார். 1951இல் லண்டனில் நடந்த உலக ஆணழகன் போட்டியில் அவருக்கு இரண்டாம் இடமே கிடைத்தது. அவர் ஊர் திரும்பவில்லை; அங்கேயே வேலை தேடிக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தார். 1952இல் தம் பிரிவில் பட்டத்தை வென்றார். டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததோ 1958இல்தான்! சோறு, பருப்பு, மீன், பால், பழம், காய்கறி இவையே அவர் உணவு. புகையும் மதுவும் அவரிடம் இல்லை. 2016இல் மறைந்தபோது அவருக்கு வயது 104.

தம்பிகளே, உங்களுக்குச் சில யோசனைகள். முதல் ஆண்டில் உடல் வேகமாக முன்னேறும். பிறகு மெல்லத்தான் நகரும். பலர் மனம் தளர்வது அப்போதுதான். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தூக்கிய எடையையும் எத்தனை தடவை என்பதையும் எழுதி வையுங்கள். கண்ணாடி காட்டாத முன்னேற்றத்தை அந்த நோட்டு காட்டும். தசை வளர்வது ஓய்வில். எனவே எட்டு மணி நேரம் தூங்குங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் பச்சைப்பயறில் 24 கிராம் இருக்கிறது. விலையுயர்ந்த பவுடர் டப்பா கட்டாயமன்று. போட்டிக்காக எடை குறைப்பதானால், வாரம் அரைக் கிலோவுக்கு மேல் குறைக்காதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லுகிறேன். உங்கள் பக்கத்தில் நிற்பவன் மருந்து எடுத்தவனாக இருக்கலாம். பரிசும் அவனுக்கே போகலாம். அன்று மனம் வலிக்கும். முடிந்தவரை ஊக்கமருந்துப் பரிசோதனை உள்ள போட்டிகளைத் தேடிச் செல்லுங்கள். அது இல்லாத மேடையில் சென்ற ஆண்டின் உங்களோடு இந்த ஆண்டின் உங்களை ஒப்பிடுங்கள். அந்தத் தீர்ப்பை எந்த நடுவராலும் மாற்ற முடியாது.

பெற்றோர்களே! பிள்ளை ஜிம்முக்குப் போவதை வீண் வேலை என்று ஏசாதீர்கள். ஏசினால் ஊசியையும் உங்களிடம் மறைப்பான். மாறாக, இரண்டு முட்டையை அவித்துக் கொடுத்து, "இன்று எவ்வளவு தூக்கினாய்?" என்று கேளுங்கள். திடீரென்று உடல் ஊதினாலோ, முகமெல்லாம் பரு வெடித்தாலோ, காரணமின்றிச் சீறினாலோ, அன்போடு விசாரித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இளைஞர்களே! நாளை நீங்கள் குடும்பத்தைத் தாங்க வேண்டியவர்கள். முதிய பெற்றோரைத் தூக்கி நடத்த வேண்டியவர்கள். அதற்கும் இந்த உடல்தான் வேண்டும். பொறுமையோடு உழையுங்கள், நேர்மையோடு மேடையேறுங்கள் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.